ஆணியில் தொங்கிய சடை

கூந்தல் தைல விளம்பரங்களில் முழங்கால்வரை சடையோடு வரும் நடிகை யாமினி, வெள்ளிக்கிழமைதோறும் அந்தச் சடையை விக்கோடு கழற்றி, ஊர்த் தோழி மரகதத்தின் சமையலறைக் கதவு ஆணியில் மாட்டுவாள். பிறகு தரையில் சப்பணமிட்டு, நாலு விரல் நீளமே உள்ள சொந்த முடியைக் காட்டுவாள். மரகதம் நல்லெண்ணெய் காய்ச்சி, ஊர்க்கதை பேசிக்கொண்டே தேய்த்துவிடுவாள். அந்தத் தலையைத் தொடுவதற்குச் சம்பளம் வாங்காதவள் அவள் ஒருத்திதான். விஷயம் வெளியே போனால் யாமினியின் பிழைப்பே போய்விடும்.

அன்று யாமினி உள்ளே குளித்துக்கொண்டிருக்கும்போது, மரகதத்தின் கணவர் சிவநேசன் தலைவலி என்று அலுவலகத்திலிருந்து பாதியிலேயே வந்துவிட்டார். ஆணியைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றார்.

"இது யாருது?"

"என்னுதுதான்" என்றாள் மரகதம், சீயக்காய் கரைத்த கையை நிதானமாகத் துடைத்தபடி.

"உனக்கு எதுக்கு விக்கு?"

"முடியெல்லாம் கொட்டிப்போயி ஒரு வருஷமாச்சு. நீங்க எங்க பாத்தீங்க?"

சிவநேசன் அவளுடைய கொண்டையை உற்றுப் பார்த்தார். அது அவளுடைய முடிதான் என்று அடித்துச் சொல்ல அவரால் முடியவில்லை.

குளியலறைக்குள்ளிருந்து, தமிழ்நாடே அறிந்த அந்தச் சிரிப்பு வெடித்துக் கிளம்பியது.

அணைந்து கிடந்த டிவியைத் தாண்டிப் படுக்கையறைக்குப் போய்க்கொண்டே அவர் சொன்னார்: "முதல்ல அந்த டிவிய நிறுத்து, தல வலிக்குது."