சுத்தமான மணல்

கார் சத்தம் கேட்டதும் மனூசோஸ் கையிலிருந்த ஒலிவக் கிளையைப் பாறைக்குப் பின்னால் வீசினான். நல்லவேளை, மணலைப் பெருக்கி முடித்திருந்தான். ஆமை பார்க்க வெளியாட்கள் கிளம்பிவிட்டால் கடற்கரை சந்தைக்கடையாகிவிடும் என்று, ஆமைத் தடங்களைக் காலையிலேயே அழித்துவிடுவது ஊர் வழக்கம். இன்று அவன் முறை.

காரிலிருந்து கேமராவோடு ஒரு பெண் இறங்கினாள்.

"இங்கே ஆமை முட்டையிட வருமா?"

"ஆமையா? நல்லா கேட்டீங்க போங்க! ஜெல்லிமீன்தான் வரும். கால் வச்சா ஒரு வாரம் எரியும்."

அவள் நம்பவில்லை. குனிந்து மணலைப் பார்த்தபடியே கரையின் கடைசிவரை நடந்தாள். மனூசோஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனான். ஒரு கீறல்கூட இல்லை.

"சரி, ஆமை இல்லைன்னே எழுதிடறேன்."

"யாருக்கு?"

"அரசாங்கத்துக்கு. ஆமை வர்ற இடம்னா கட்டடம் கட்ட விடமாட்டாங்க. இனிமே இங்கே ஹோட்டல் கட்டத் தடையில்ல."

மனூசோஸ் அவளை மறித்து நின்றான். "ஐயோ, வருது மேடம்! நேத்துகூட மூணு வந்துச்சு!"

"ஹோட்டல்னு சொன்னதும் எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. எங்கே, முட்டையைக் காட்டுங்க பார்ப்போம்."

மனூசோஸ் அந்த நீண்ட மணலை வெறித்தான். முட்டை எங்கே புதைந்திருக்கிறது என்று அவனுக்கே தெரியாத அளவுக்குச் சுத்தமாகப் பெருக்கியிருந்தான்.