பச்சைப் புள்ளி

"நெஞ்சளவுக்கு அடிச்சாப் போதும்ப்பா, அதுக்கு மேல எதுக்கு வீணா?" என்று பெயின்ட் அடிக்கிறவர்களை மைக் அண்ணன் விரட்டிக்கொண்டிருந்தார். தெரு முழுக்கப் பெயின்ட் வாடை தூக்கியது. பார்க்கிறவர்களுக்கு ஏதோ கல்யாண ஏற்பாடு என்றுதான் தோன்றும்.

கல்யாணமெல்லாம் ஒன்றுமில்லை. வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கு மக்களின் கருத்தைக் கேட்க நகராட்சி இன்ஜினியர் சாயங்காலம் வருகிறார். அதற்குள் போன வெள்ளத்தின் சேற்றுக்கோடு ஒரு சுவரிலும் தெரியக் கூடாது என்பது தெருச் சங்கத்தின் ஏகமனதான தீர்மானம்.

சங்கத்தின் செயலாளர்தான் மைக் அண்ணன். எந்தக் கூட்டத்திலும் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். ஆற்றை ஒட்டிய கடைசி வீட்டு டெய்லரக்காவின் வாசலுக்கு வந்ததும் அவர் குரல் தானாகத் தணிந்தது.

"அக்கா, இன்ஜினியர் உங்களைத்தான் முக்கியமாக் கேட்பாரு. வீட்டுக்காரர் எப்படித் தவறினாருன்னு கேட்டா, நெஞ்சுவலின்னு சொல்லிடுங்க."

டெய்லரக்காவின் கையிலிருந்த துணி நழுவியது. "அவரு தண்ணியிலதானே போனாரு, தம்பி? நீங்கதானே கதவை உடைச்சுத் தூக்கிட்டு வந்தீங்க?"

"நான் இல்லைன்னு சொல்லலையே. ஆனா இன்ஜினியர் வரைபடத்துல வெள்ளம் வந்த தெருன்னு நமக்குச் சிவப்புப் புள்ளி விழுந்துட்டா, அப்புறம் நம்ம வீட்டை வாங்க ஒரு நாய்கூட வராது. போனவரு போயிட்டாரு. இருக்கிறவங்க தலையில மண்ணை வாரிப் போட்டுடாதீங்க."

மிச்சப் பெயின்டையும் ஒரு பிரஷ்ஷையும் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

பாழாய்ப்போன தையல் மெஷினை மேஜைமேல் தூக்கி வைக்கத்தான் அவள் புருஷன் வெள்ளத்தன்று எதிர்வீட்டு மாடியிலிருந்து திரும்பி இறங்கிப் போனார். தண்ணீர் கதவை அமுக்கிக்கொண்டது. மாடியில் நின்று அவள் போட்ட கூச்சலில் தொண்டை கட்டியதுதான் மிச்சம். சுவரில் இருந்த சேற்றுக்கோட்டை அதன் பிறகு அவள் துடைக்கவே இல்லை.

ஆனால் வானம் இருட்டினாலே இப்போது அவள் துணிமணியை மூட்டை கட்டிவிடுவாள். இந்த வீட்டை விற்றுவிட்டு, மகள் இருக்கும் மேட்டுப் பக்கம் போய்விட வேண்டும். அவள் ஆசை அது ஒன்றுதான். வீடு பார்க்க ஒருவர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தார். சிவப்புப் புள்ளி விழுந்துவிட்டால் சாகும்வரை இந்தப் பள்ளத்தில்தான் கிடக்க வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு அவளே பிரஷ்ஷை எடுத்துக் கோட்டின்மேல் அடித்தாள்.

சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் பெரிய வரைபடத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். இன்ஜினியர் அதிர்ந்து பேசாத மனிதர். "எங்க ஆபீஸ் ரெக்கார்டெல்லாம் போன வெள்ளத்துலயே ஊறிப்போச்சுங்க. அதனால உங்க வாயால கேட்டுத்தான் திட்டம் போடப்போறோம். தண்ணி வந்த இடத்துக்குச் சிவப்பு, வராத இடத்துக்குப் பச்சை. மறைக்காமச் சொல்லுங்க" என்றார்.

மற்ற தெருக்காரர்கள் பிழைக்கத் தெரியாதவர்கள். ஒருவர் ஃப்ரிட்ஜ் மிதந்ததைச் சொன்னார், இன்னொருவர் கட்டிலோடு மாமியார் மிதந்ததைச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வரைபடம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. மைக் அண்ணன் டெய்லரக்காவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு மைக்கை வாங்கினார்.

"எங்க தெருவுல பொட்டுத் தண்ணி வந்ததில்லைங்க. வேணும்னா சுவரைப் பாருங்க!"

"வர்ற வழியில பார்த்தேன், பளிச்சுன்னு இருக்கு" என்று இன்ஜினியர் முகம் மலர்ந்தார். தெரு எவ்வளவு அகலம், ஆற்றங்கரையிலிருந்து மறுமுனைப் பொட்டல்வரை ஒரே சரிவா, நடுவில் வளைவு நெளிவு உண்டா என்று ஆசையாகக் கேட்டார். வேறு எந்தத் தெருவிடமும் அவர் இதையெல்லாம் கேட்கவில்லை. புது ரோடு போடப்போகிறார்கள் என்ற நினைப்பில் மைக் அண்ணன், "விட்ட அம்பு மாதிரி நேராப் போகும் சார்" என்று அளந்தார்.

இன்ஜினியர் டெய்லரக்கா பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் வெள்ளத்துல தவறினதாக் காதுல விழுந்துது. உண்மைன்னா பயப்படாமச் சொல்லுங்க. எனக்கு அது ரொம்ப முக்கியம்."

சேறு அப்பிக் கிடந்த புருஷன் முகம் அவள் கண்ணுக்குள் வந்தது. கூடவே, வீடு பார்க்க வரப்போகிற ஆளும் வந்து நின்றார். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. அந்த வெறுப்போடுதான் வாயைத் திறந்தாள்.

"நெஞ்சுவலிங்க."

"தண்ணியில இல்லையே?"

"இல்லைங்க. எங்க தெருவுக்குத் தண்ணியே வராது."

மைக் அண்ணன்தான் முதலில் கைதட்டினார். இன்ஜினியர் ஒரு பச்சைப் புள்ளியை டெய்லரக்காவிடமே கொடுத்தார். அவள் எழுந்து போய்த் தன் வீட்டின்மேல் அதை ஒட்டினாள். வரைபடத்தில் வேறு எங்கும் பச்சை இல்லை.

"ரொம்ப நன்றிம்மா. ஆள் செத்த தெருவைத் தொடக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. உங்க வீட்டுக்காரர் விஷயம் ஒண்ணுதான் இடிச்சுக்கிட்டே இருந்துது."

"தொடுறதுன்னா... என்ன சார் பண்ணப்போறீங்க?" மைக் இல்லாமலே கேட்டார் மைக் அண்ணன்.

இன்ஜினியர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"இனிமே வெள்ளம் வந்தா, ஊரைக் காப்பாத்த ஆத்துக்கரையை உங்க தெரு முனையில வெட்டி, தண்ணியை உங்க தெரு வழியாத்தாங்க பொட்டலுக்கு விடப்போறோம்."