யுவேயா, லெயா?

"பங்காளி வீட்டுல சம்பந்தமா? ரெண்டு வீட்டுக்கும் குடும்பப் பேரு ஒரே எழுத்து! இந்தக் கல்யாணம் நடக்காது!"

குய்ஃபென் அரிசி மாவை ஓங்கிக் குத்தினாள். சீனாவின் நிங்போ நகரத்தில் அந்த மூன்றாம் மாடி வீடே அதிர்ந்தது.

மகள் பெய்ரோங் எள்ளுப் பூரணத்தை உருட்டியபடியே முறைத்தாள். "அவர் இப்போ பதில் கேட்க வந்துடுவார். முதல்ல குள்ளம்னு சொன்னே. அப்புறம், குறட்டை விடற மூக்குன்னு சொன்னே. இப்போ எழுத்தா?"

"எழுத்து ஒண்ணுதானே?"

"எழுதினா ஒண்ணு. வாயைத் திறந்தா வேற. நம்ம தாத்தா வீட்டுல அதை 'யுவே'ன்னு படிப்பாங்க. இசைன்னு அர்த்தம். அவர் வீட்டுல 'லெ'. சந்தோஷம்னு அர்த்தம்."

"இசையா? உங்க தாத்தா பாடினா பக்கத்து வீட்டு நாய் கயிறை அறுத்துக்கிட்டு ஓடும். அந்த மனுஷன் மட்டும் என்ன, சந்தோஷம்னு பேரை வச்சுக்கிட்டு ஒரு நாளாவது சிரிச்சிருக்காரா?"

"போன வாரம் பூங்காவுல நீ வழுக்கி விழுந்தப்போ சிரிச்சாரே!"

குய்ஃபென்னின் முகம் சிவந்தது.

பெய்ரோங் கைபேசியை எடுத்துத் தாய்மாமாவை அழைத்து, அம்மாவின் காதருகே பிடித்தாள்.

"அட, எழுத்துதான் ஒண்ணு, குலம் வேற!" என்று மறுமுனையில் மாமா கத்தினார். "யுவே பொண்ணை லெ பையன் தாராளமா கட்டலாம். எனக்கு முன்வரிசையில சாப்பாடு போடுங்க!"

குய்ஃபென் மாவை மறுபடி பிசையத் தொடங்கினாள். "பத்திரிகையில ரெண்டு பேருக்கும் ஒரே எழுத்து இருக்குமே. அண்ணன் தங்கச்சின்னு ஊர் சிரிக்காதா?"

"எழுத்துக்கு மேலேயே உச்சரிப்பையும் அச்சடிச்சிடலாம். சம்மதமா, இல்லையா?"

அழைப்பு மணி அடித்தது.

"அடிக்கட்டும்... பத்திரிகையைச் சொன்னேன்," என்று முணுமுணுத்துவிட்டு குய்ஃபென் மாவுக் கையோடு உள்ளறைக்கு ஓடினாள்.

பெய்ரோங் கதவைத் திறந்தாள். ஆரஞ்சுப் பழக் கூடையும், மாடி ஏறிய மூச்சிரைப்புமாக, நரைத்த தலையோடு திருவாளர் லெ நின்றிருந்தார்.

"என்னம்மா சொன்னாங்க?"

"உள்ளே வாங்க அப்பா. அம்மா ஒத்துக்கிட்டாங்க. உங்க கல்யாணப் பொண்ணு தலை வாரிக்கிட்டிருக்காங்க!"