நீலக் கவுன்

“யாருடா அந்தப் பொண்ணு? எப்பப் பாரு போனைப் பாத்துச் சிரிக்கிற?” என்று போன வாரம்தான் அண்ணன் கேட்டான்.

“இருக்காண்ணா ஒருத்தி.”

“வீட்டுக்குக் கூட்டிட்டு வாடா. உங்க அண்ணி அரிச்சுப் பிடுங்குறா.”

அந்தப் பெண் இப்போது தையல்கடை மேசைமேல், போன் திரையில் நிற்கிறாள். வீட்டுக்குத் தம்பியாகவே வளர்ந்தவள்; அன்று ‘இருக்காண்ணா ஒருத்தி’ என்றதும் அவளேதான். படத்தில் முகத்தை மறைத்திருக்கிறாள்; உடுத்தியிருப்பதோ வாடிக்கையாளருக்காக அண்ணன் தைத்த நீலக் கவுன். தோள்பட்டைச் சுருக்கம் தன் கைவேலை என்று அவனுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ‘இன்றுதான் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன்’ என்று அவள் எழுதியதன் கீழே, முன்பின் தெரியாதவர்கள் ‘அழகா இருக்கே தங்கச்சி’ என்கிறார்கள். ‘செத்துத் தொலை’ என்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் போன் அதிர்கிறது, பக்கத்தில் கிடக்கும் குண்டூசிகள் நடுங்குகின்றன. ட்யூப்லைட் வெளிச்சத்தில் அண்ணன் தலை நிமிராமல் அதே கவுனின் தையலைப் பிரிக்கிறான். நூல் அறுபடும் சத்தம் சிறியதுதான், ஆனாலும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

“மானம் கப்பலேறுறதுக்குள்ள அந்தப் படத்தை அழிடா.”

அவள் போனைத் தொடவில்லை. சுவரில் தொங்கும் அளவு நாடாவை எடுத்து அவன் முன்னால் நீட்டுகிறாள்.

“அண்ணா, என் அளவுக்கு ஒண்ணு தச்சுக் குடுண்ணா.”