சுடாத இன்ஸ்பெக்டர்

"விழாவை நிறுத்திருவோம் அய்யா. அந்த ஆளுக்கு நம்ம கையால மாலை போட்டா, அசிங்கம் நமக்குத்தான்."

கோட்டைச்சாமி உட்காராமலே சொன்னார். ரிட்டயரான போலீஸ் அதிகாரிகள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். காரைக்குடிக்குப் புது இன்ஸ்பெக்டர் யார் வந்தாலும், வந்த மாதத்திலேயே சங்கத்துக்கு அழைத்து, மாலை போட்டு, 'எதுன்னாலும் நாங்க இருக்கோம்' என்று சொல்லி அனுப்புவது வழக்கம். இந்த 1971 வரைக்கும் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

தலைவர் சேக் தாவூது, ரிட்டயர்டு டி.எஸ்.பி., கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன நடந்துச்சுன்னு முழுசாச் சொல்லு."

"முந்தாநாள் சந்தைப்பேட்டையில ரெண்டு கோஷ்டிக்குத் தகராறு. முந்நூறு பேரு. கல்லு பறக்குது. இந்தப் புது இன்ஸ்பெக்டர் நாகநாதன் என்ன செஞ்சாரு? போலீஸ்காரங்களைப் பின்னால நிறுத்திட்டு, ரிவால்வரைக் கழட்டி ஏட்டு கையில குடுத்துட்டு, தனியா உள்ள நடந்து போயிருக்காரு. நெத்தியில கல்லு விழுந்து சட்டையெல்லாம் ரத்தம். அதைப் பார்த்துட்டுத்தான் கூட்டம் கலைஞ்சுச்சாம்."

"சரி."

"என்னய்யா சரிங்கிறீக? கல்லடி வாங்குன இன்ஸ்பெக்டருன்னு ஊரே சிரிக்குது. ஆயுதத்தை ஏன் கைவிட்டேன்னு மேலேருந்து மெமோ வந்திருக்கு. சஸ்பெண்டு ஆனாலும் ஆச்சரியமில்லை."

தாவூது கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"விழா நடக்கட்டும். நான் பேசுறேன்."

கோட்டைச்சாமிக்கு மனசு குளிர்ந்தது. தாவூது அய்யா பேசினால் அந்த ஆள் கூனிக் குறுகிவிடுவான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அருவாளோடு ஸ்டேஷனுக்குள் புகுந்த கூட்டத்தை ஒற்றை ஆளாக நின்று சுட்டு விரட்டியவர். அதற்காக மெடல் வாங்கியவர். அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சங்கத்தில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சாயங்காலம் சங்கக் கட்டடத்தில் நாற்பது பேர். நெற்றியில் கட்டோடு நாகநாதன் உள்ளே வந்தார். வழக்கமாக எல்லாரும் எழுந்து நிற்பார்கள். இன்றைக்கு ஒருத்தரும் அசையவில்லை.

அவர் ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றார். பிறகு மெல்ல நடந்துபோய் மேடைக்குக் கீழே நின்றார்.

தாவூது எழுந்தார்.

"ரிவால்வர்ல தோட்டா இருந்துச்சா?"

"ஆறும் இருந்துச்சு, சார்."

"பிறகு ஏன் கழட்டிக் குடுத்தீக?"

"பயமா இருந்துச்சு, சார்."

பின்வரிசையில் சிரிப்பொலி. கோட்டைச்சாமியும் சிரித்தார்.

"கல்லுக்குப் பயமா?"

"இல்லை சார். இடுப்புல இருந்தா எடுத்துச் சுட்டுடுவேனோன்னு பயம்."

சிரிப்பு நின்றது. தாவூது மேடையை விட்டு இறங்கி வந்து, மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டார்.

"கோட்டைச்சாமி, தீர்மான நோட்டை எடு. இவுக செஞ்சது சரிதான்னு நம்ம சங்கம் மேலிடத்துக்குக் கடிதம் அனுப்பணும்."

கூட்டத்தில் சலசலப்பு. நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள்.

"இது நியாயமில்லைங்கய்யா" என்றார் ஒருத்தர். "நீங்க ஒருத்தர் சொன்னாப் போதுமா? நாளைக்கு எல்லா இன்ஸ்பெக்டரும் துப்பாக்கியைக் கழட்டிக் குடுத்துட்டுப் போனா ஊரு என்னாகும்?"

கோட்டைச்சாமிக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் தலைவர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. நோட்டைத் திறந்து தேதியைப் போட்டார்.

"எழுதுறேன் அய்யா. ஆனா வெறுமனே எழுதினா மேல நம்பமாட்டாக. சங்கம் எதை வச்சு இவரை ஆதரிக்குதுன்னு காரணம் கேப்பாக. என்னன்னு எழுதட்டும்?"

தாவூது மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"எழுது. எங்க தலைவருக்கு மெடல் வாங்கிக் குடுத்த சம்பவத்தன்னைக்கு, அந்தக் கூட்டத்துல ஒருத்தர் கையிலயும் அருவா இல்ல. ஒரே ஒரு கல்லு அவர் காதோரமாப் போச்சு. பயந்துபோய்ச் சுட்டாரு. ரெண்டு பேர் செத்தாக. அருவான்னு பொய் ரிப்போர்ட்டு எழுதினாரு."

பேனா அப்படியே நின்றது.

"அய்யா, இது மேல போனா உங்க மெடல், பென்ஷன்…"

"எழுது கோட்டைச்சாமி. முதல் கையெழுத்து நான் போடுறேன்."