சிங்கத்துக்கு வந்த சாமி

"கல்லுச் சிங்கத்துல சாமி எறங்கியிருக்கு. ஊரே கும்பிடுது, நீ சிரிக்கிற?"

கணக்கப்பிள்ளை இராமையா கேட்டது லொறி டிரைவர் கஸ்பரை.

கஸ்பர் சிரிப்பை நிறுத்தவில்லை. "போன வாரம் வரைக்கும் அந்தத் தூணுல வெத்தல எச்சி துப்புனீங்க. இன்னைக்குக் கற்பூரமா?"

"வேதக்காரப் பயலுக்கு எங்க சாமி எளக்காரமாப் போச்சு" என்று நாலு பேர் அவனை அடிக்கப் போனார்கள். இராமையாதான் தடுத்தார்.

இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு முதல் வெள்ளைக்காரத் துரை கட்டிய வாசல் அது. இரண்டு கருங்கல் தூண்கள். மேலே அரைவட்ட வளைவு, அது நெடுகத் திராட்சைக்கொடி வேலைப்பாடு. ஒரு தூணின் உச்சியில் கல் சிங்கம். குதிரை வண்டிக்காகக் கட்டியது, லொறி நுழையாது.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த புதுத் துரை, இடிக்கச் சொல்லிவிட்டார். தூணை ஒட்டிய காவலறையில் குடியிருந்த கிழவி காளியாயியும் வெளியேற வேண்டும். காவல்காரப் புருஷன் செத்துப் போயிருந்தான். கொழுந்து எடுக்க முடியாதவளுக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இடம் கிடையாது.

இடிக்க வந்த காலையில் பார்த்தால், சிங்கத்தின் நெற்றியில் குங்குமம், கழுத்தில் செவ்வந்தி மாலை. வந்தவர்கள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

துரை கத்திப் பார்த்தார்.

"இனி ஒருத்தனும் தொடமாட்டாங்க தொர" என்றார் இராமையா.

வேறு வழியில்லாமல், பக்கத்துத் தேயிலையைப் பிடுங்கி லொறிக்குத் தனிப்பாதை போட்டார் துரை.

சாமி வாசலைக் கூட்டித் தெளிக்க ஆள் வேண்டுமே. காளியாயியே இருக்கட்டும் என்றது தோட்டம்.

கஸ்பர் மட்டும் வாயை அடக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் லொறியிலிருந்தே ஒரு நக்கல். லயத்தில் அவனோடு பேச்சை நிறுத்தினார்கள். கல்யாண வீட்டுக்கும் அழைக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், காளியாயி லொறியை மறித்தாள்.

"ஏன் கஸ்பரு, தூணுல ஏறிக் குங்குமம் வச்சவனே நீதானே. நீ வைக்காட்டி நான் இன்னைக்கு நடுரோட்டுல நிப்பேன். அப்புறம் எதுக்கு இப்புடிக் கேலி பேசி எல்லார்கிட்டயும் திட்டு வாங்குற?"

கஸ்பர் லொறியைக் கிளப்பினான்.

"நான் கேலி பண்ணப் பண்ணத்தான் பெரியம்மா, அவங்களுக்குப் பக்தி ஏறுது. சும்மா இருந்தேன்னா, ஒரே மாசத்துல மறுபடியும் வெத்தல எச்சி துப்புவாங்க."