முதல் வருஷக் கொடி

பீருக்குக் கசப்பு சேர்க்கிற ஹாப்ஸ் கொடியை ஜெயசீலன் மொட்டைமாடியில் நட்டுக் கயிறு கட்டிப் படரவிட்டிருந்தான். ஒரு காய்கூட வைக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "முதல் வருஷம் அப்படித்தான். வேர் பிடிக்கணும், அவசரப்படக் கூடாது" என்றான். அவன் அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினாள். கல்யாணமாகி அதே ஒரு வருஷம் ஆகியிருந்த மனைவி சுமித்ராவை மட்டும் மூன்றாவது டாக்டரிடம் அனுப்பினார்கள். "நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்களேன்" என்று அவள் சொன்னதற்கு, "எனக்கென்ன குறைச்சல்?" என்று சிரித்தான்.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடியேறினாள். அவன் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"இதுல ஆண் கொடி, பெண் கொடின்னு தனித்தனியா உண்டாமே. ஆண் கொடின்னா எத்தனை வருஷம் தண்ணி ஊத்தினாலும் காய்க்காதாம். இது எதுன்னு பார்த்தீங்களா?"